நனைந்த காலுறைகள்

ஜப்பானின் வடகோடியில், வருஷத்தில் பாதி நாள் பனியும் மீதி நாள் கணவாய் மீன் வாடையும் மண்டிக் கிடக்கும் நமியுரா என்ற துறைமுக ஊரில், நனைந்த காலுறைகள் என்றொரு ராக் இசைக்குழு இருந்தது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரில் ஒருவன் செத்துப்போன பிறகுதான் அந்தக் குழுவுக்குப் பேரும் புகழும் வந்தது.

பேருக்குக் காரணம் கேட்டால் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. கிட்டார் வாசித்துப் பாடும் கெய்த்தோவின் அப்பாவுக்கு ஒரு கணவாய்க் கொட்டகை இருந்தது. மீன் காயப்போடும் பலகையில் பனிச் செருப்போடு ஏறினால் அந்த மனிதருக்குப் பொல்லாத கோபம் வரும். அதனால் பிள்ளைகள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கூரை ஒழுகி ஒழுகி எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் தரையில் காலுறையோடு நின்று வாசித்தார்கள், வீட்டுக்குப் போகும்போது மூன்று பேரின் காலுறையும் பிழிந்தால் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கும். பேஸ் கிட்டார் வாசித்தவள் மிச்சிரு. டிரம்ஸ் அடித்தவன் அவள் தம்பி ரிகு.

அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அப்பா தெற்கே வேலைக்கென்று போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட, அக்காவும் தம்பியும் பெரும்பாலும் சாப்பிட்டது அடுத்த வீட்டில்தான். அது படகுத் தலைவர் ஷிகேயோவின் வீடு. அவர் மனைவி தோமிகோவை அந்தத் தெருவே அத்தை என்று கூப்பிட்டது. ரிகு டிரம்ஸ் கற்றுக்கொண்டது அத்தையின் சாப்பாட்டு மேசையில், சோற்றுக் கிண்ணத்தை உண்ணும் குச்சியால் தட்டித் தட்டி. அத்தை தினமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "கிண்ணத்தைத் தட்டாதடா! பசியோட அலையற பேயெல்லாம் சாப்பாடு ரெடின்னு வந்து உக்காந்துக்கும்." ரிகு தட்டுவான். கிண்ணத்தின் விளிம்பு ஓரிடத்தில் உடைந்தே போயிற்று.

அவனிடம் இருந்த ஒரே குறை, ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பாட்டு முடிந்து கெய்த்தோ தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான், இவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பான், உள்ளங்கை கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தாலும் அடித்துக்கொண்டிருப்பான். பொறுத்துப் பார்த்த மிச்சிரு ஒருநாள் சட்டம் போட்டாள்.

"இங்க பாரு. நான் திரும்பி உன் மூஞ்சியப் பார்த்து, கம்பி மேல கைய அகல விரிச்சு வெச்சா நிறுத்து. அதுவரைக்கும் அடி. நான் பார்க்கறதுக்கு முன்னாடி நிறுத்தினாலும் உதை, பார்த்த பிறகு அடிச்சாலும் உதை."

"சரிக்கா," என்றான் ரிகு. அன்றிலிருந்து அவள் திரும்பிப் பார்த்துக் கையை வைத்தால் நிறுத்தினான். ஆனால் நிறுத்திய பிறகு, அவளைச் சீண்டுவதற்கென்றே, சிம்பல் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு தடவை, கொசு உட்கார்ந்த மாதிரி, 'டிங்' என்று தட்டிவிட்டுச் சிரிப்பான். அந்த 'டிங்'குக்கு மட்டும் அவள் உதைக்கவில்லை.

பாட்டு சோறு போடாத ஊர் அது. ரிகு ஷிகேயோ மாமாவின் படகில் கணவாய் பிடிக்கப் போனான். ஓர் இலையுதிர் காலத்தில் அந்தப் படகு மாமாவோடும் அந்தத் தெருவின் பாதி ஆண்களோடும் ரிகுவோடும் போனது, காற்று மாறியது, பிறகு படகு வரவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. தேடப் போனவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

பக்கத்து நகரத்தில் ஒரு நிலவறை அரங்கில் அவர்கள் வாசிப்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். வர முடியாது என்றால் அதை நேரில் போய்க் குனிந்து சொல்வதுதான் அங்கே முறை. நிகழ்ச்சி நாளன்று, கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே, மிச்சிருவும் கெய்த்தோவும் போய்க் குனிந்தார்கள். அரங்கக்காரரும் குனிந்தார். நெடுநேரம் மூவரும் நிமிரவில்லை. கடைசியில் அவர்தான், "தம்பிக்காக ஒரே ஒரு பாட்டு வாசிச்சிட்டுப் போங்களேன்," என்றார்.

இரவல் பேஸ் கிட்டாரில் மிச்சிரு முதல் சுரத்தை மீட்டினாள். அரங்கத்துக்குச் சொந்தமான டிரம்ஸ், அதன் முக்காலியில் யாரும் இல்லாமலே, ரிகு எந்த இடத்தில் நுழைவானோ அந்த இடத்தில் நுழைந்தது. அதே கை, இடது கையின் அதே மெல்லிய தாமதம், அதே முரட்டுத்தனம். முக்காலிக்குக் கீழே கடல் தண்ணீர் சொட்டிக் குளம் கட்டியது. யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. அரங்கக்காரர் செய்த முதல் காரியம், உள்ளே போய்த் துடைப்பம் எடுத்து வந்ததுதான்.

பாட்டு முடிந்தது. மிச்சிரு திரும்பவில்லை. திரும்பினால் என்ன தெரியும் என்று அவளுக்குப் பயம், கடலில் ஊறிய முகமா, முகமே இல்லாமலா. அதைவிடப் பெரிய பயம், திரும்பினால் அவன் நிறுத்திவிடுவான் என்பது. அவள் பேஸ் கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்த்து வைத்தாள், அது ஓவென்று ஊளையிட, முதுகைக் காட்டியபடியே மேடையை விட்டு இறங்கி நடந்தாள். டிரம்ஸ் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கலைஞர் வாசிக்கும்போது எழுந்து போவது மரியாதையில்லை என்று வந்திருந்த கூட்டம் கடைசி ரயில்வரை நின்று கேட்டது. மறுநாளும் அது ஓயாதது கண்டு அரங்கக்காரர் டிரம்ஸைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார். "இனிமே இது என்னோடது இல்லீங்க," என்றார்.

அப்படித்தான் அது கணவாய்க் கொட்டகைக்கு வந்து, இரவும் பகலும், பாட்டு இருக்கும்போது பலமாகவும் இல்லாதபோது மெதுவாகவும், விரல் நுனியால் மேசையைத் தட்டுகிறவர்களைப் போல அடித்துக்கொண்டே கிடந்தது. புதுச் சத்தம் கொண்டுவருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குத் துண்டு கொடுத்து மன்னிப்புக் கேட்பது அந்த ஊர் வழக்கம். மிச்சிரு வீடு வீடாகப் போய் வெள்ளைத் துண்டு கொடுத்து, "என் தம்பி கொஞ்சம் தொந்தரவு பண்றான்," என்றாள். "பரவால்ல, பரவால்ல, துடிப்பான பையன்," என்றார்கள் அவர்கள். பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு வாய்ப்பாடு படித்தார்கள். கணவாய் அறுக்கும் பெண்கள் அந்தத் தாளத்துக்குக் கத்தியை இறக்கினார்கள். பூனைகள் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை.

படகில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் கொட்டகைக்கு வந்தார்கள், முன்னால் தோமிகோ அத்தை. அவர்கள் அந்தத் தாளத்தைக் கேட்டார்கள், நனைந்த தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டார்கள், கேட்டு முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ரிகு அடிக்கிறான் என்றால் ரிகு இருக்கிறான், ரிகு இருக்கிறான் என்றால் படகு இருக்கிறது, படகு இருக்கிறது என்றால் எல்லாரும் இருக்கிறார்கள். அதனால் அந்தத் தெருவில் ஒரு சாவுச் சடங்கும் நடக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சாயங்காலம் இல்லாதவருக்கும் சேர்த்துச் சோறு வைத்தார்கள், உண்ணும் குச்சிகளைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். அதில் கவனமாக இருந்தார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டால் அது செத்தவருக்கு வைக்கும் சோறு.

செய்தி தலைநகருக்குப் போகாமல் இருக்குமா. இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து நாகாய் என்பவர் பளபளவென்ற ஷூவோடு வந்தார், வாசலிலேயே அதைக் கழற்ற வைத்தார்கள், காலுறை நனைய நின்று முழுப்பாட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "அவரு வெளியூருக்கெல்லாம் வருவாரா?"

வந்தான். டோக்கியோவுக்கு வந்தான், ஒசாகாவுக்கு வந்தான், கோடைகால மைதானங்களில் ஆயிரக்கணக்கான பேர் சேற்றில் குதிக்கும் திருவிழாக்களுக்கெல்லாம் வந்தான். படம் எடுக்கிறவர்கள் மிச்சிருவுக்கும் கெய்த்தோவுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுப் படம் எடுத்தார்கள். ஹோட்டலில் மூன்று அறை போட்டார்கள், மூன்றாவது அறையின் மெத்தை காலையில் நனைந்திருந்தால் ஹோட்டல்காரர்தான் மன்னிப்புக் கேட்டார். முடிக்கு நீலமும் பச்சையும் அடித்த இளசுகள் மேடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். மிச்சிரு ஒருபோதும் டிரம்ஸ் பக்கம் திரும்பாததையும் கிட்டாரை ஊளையிடவிட்டு இறங்கிப் போவதையும் பத்திரிகைகள் புதிய பாணி என்று எழுதின. ஒரு வருஷத்துக்குள் நாடெங்கும் பேஸ் வாசிக்கும் பிள்ளைகள் டிரம்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மிச்சிரு வேறு பக்கம் பார்த்தாள்.

முதல் வரிசை மட்டும் எந்த ஊரிலும் மாறவில்லை. ஏப்ரனும் ரப்பர் பூட்ஸுமாக, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, நமியுராவின் பெண்கள் நின்றார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் அத்தை வாயில் கையைக் குவித்துக் கத்துவார்: "ரிகு! மாமா சாப்பிட்டாராடா?" டிரம்ஸ் கடகடவென்று உருளும். அது அடுத்த பாட்டின் தொடக்கம்தான், மிச்சிருவுக்குத் தெரியும். அத்தை அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டுவார். மிச்சிரு அடுத்த பாட்டை வாசிக்க ஆரம்பிப்பாள்.

இப்படி வருஷங்கள் போயின. தாளம் தளர்ந்தது. முதலில் அது மிச்சிருவுக்கு மட்டும்தான் தெரிந்தது, இடது கை இன்னும் கொஞ்சம் பின்தங்கியது, பெரிய அடிகளுக்கு முன்னால் மூச்சு வாங்குவதுபோல ஓர் இடைவெளி விழுந்தது. கெய்த்தோ பாட்டுகளை மெதுவாக்கினான். பக்குவம் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. இன்னும் மெதுவாக்கினான். பத்திரிகைகள் கொட்டாவி விட்டன. தண்ணீர் மட்டும் கூடிக்கொண்டே போய், மின்சாரக் கம்பிகளுக்குப் பயந்து பெரிய அரங்கங்கள் கதவை மூடின. மைதானம் மண்டபமாயிற்று, மண்டபம் நிலவறையாயிற்று. நாகாய் தொலைபேசியில் முன்பைவிட மரியாதையாகப் பேசினார், பிறகு பேசவேயில்லை. டிரம்ஸ் கொட்டகைக்குத் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் மிச்சிரு டிரம்ஸின் தோலை மாற்றினாள். உப்புப் பூத்த பழைய தோலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, இடது கை அடி விழும் இடத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. துடைத்தாள். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அந்தக் கறையை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் கையில் கொப்புளம் உடைந்த நாட்களில் இதே கறையைத்தான் அவள் தேய்த்துக் கழுவியிருக்கிறாள்.

கெய்த்தோ கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நரை விழுந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் புதுத் தோலில் மெதுவாக அடி விழுந்துகொண்டிருந்தது.

"அவனுக்கு நாம ஒருநாள்கூட ஓய்வு குடுக்கல, மிச்சிரு."

"அவனுக்கு அடிக்கறதுன்னா உசிரு. உனக்குத் தெரியாதா?"

"உசிருன்னு யாரு சொன்னா? நீ சொன்ன, அத்தை சொன்னாங்க, பத்திரிகைக்காரன் சொன்னான். நீ அவன் பக்கம் திரும்பி எத்தனை வருஷம் ஆச்சு?"

அவள் கையிலிருந்த பழைய தோலைப் பார்த்தாள். ரிகு ஆசையாக அடிக்கவில்லை, அக்கா சொன்னதைக் கேட்டு அடிக்கிறான். கடலுக்கு அடியிலோ, கடலுக்கு அடியில் என்ன இருக்குமோ அதற்கும் அடியிலோ உட்கார்ந்துகொண்டு, அக்கா திரும்புவாள் திரும்புவாள் என்று அவள் முதுகைப் பார்த்தபடி, தோல் உரிந்த கையால் அடித்துக்கொண்டிருக்கிறான். இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் கண்டும் காணாததுபோல் இத்தனை காலமும் முதுகைக் காட்டினாள். அன்றைக்கு அவள் அந்தத் தோலை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அத்தையின் வீட்டுக்குப் போனாள். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துல ஒரு தடவை வாசிக்கப் போறோம் அத்தை. கடைசித் தடவை."

அத்தையின் கை தண்ணீரிலேயே நின்றது. அந்தக் கொட்டகைச் சட்டம் அவருக்கும் தெரியும், எத்தனையோ முறை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவர்தான்.

"அவன் பக்கம் திரும்பப் போறியா?"

"அவன் கை புண்ணாயிடுச்சு அத்தை."

"உனக்கு ஒரு தம்பி. இந்தத் தெருவப் பாரு. வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம் மேசை மேல காத்துக்கிட்டு இருக்கு. அத்தனை கிண்ணத்தையும் நீ ஒருத்தியா கவுத்துடுவியா?" அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவன் நிறுத்திட்டா மாமா செத்துப் போயிடுவாரு. தெரியுமில்ல?"

"மாமா அன்னிக்கே..."

"சொல்லாத!" என்று கத்தினார் அத்தை. "என் வீட்டுல சாப்பிட்டு வளர்ந்தவ நீ. என் வீட்டுலயே நின்னு அத சொல்லாத." அரிசித் தண்ணீரைக் கீழே கொட்டினார், அதோடு பாதி அரிசியும் போயிற்று.

விளையாட்டுக் கூடத்தில் செருப்புக்கு அனுமதி இல்லை. பள்ளி மூடிக் கிடந்தாலும் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான், ஊரே வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தது. முன் வரிசையில் பெண்கள் நின்றார்கள். அன்றைக்கு யாரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை.

வாசிக்க ஆரம்பித்தார்கள். பாட்டுக்குப் பாட்டு தண்ணீர் ஏறியது, மேடை விளிம்பில் வழிந்தது, கூடத்தின் மரத்தரையில் பரவியது, முதல் வரிசையின் காலுறைகளை நனைத்தது, பிறகு அடுத்த வரிசையை, பிறகு சுவரோரம் நின்றவர்களை. யாரும் நகரவில்லை. இருக்கிற பாட்டெல்லாம் முடிந்து கடைசிப் பாட்டும் முடிந்து, கெய்த்தோ கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான். டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தது, தள்ளாடிக்கொண்டு, ஆனால் ஓர் அடிகூட விடாமல். மிச்சிரு வழக்கம்போல ஸ்பீக்கர் பெட்டியை நோக்கி ஓர் அடி வைத்தாள். முன் வரிசையில் அத்தை இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மிச்சிரு அவரைப் பார்த்தாள். அவர் வைத்த சோற்றையெல்லாம் நினைத்தாள்.

பிறகு திரும்பினாள்.

முக்காலியில் யாரும் இல்லை. இத்தனை வருஷமும் அவள் பயந்த முகம் அங்கே இல்லை. முக்காலியின் மெத்தை மட்டும், ஒல்லியான ஒருவன் உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. அதற்கு மேலே, மணிக்கட்டு இருக்க வேண்டிய உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இரண்டு இடத்தில் தண்ணீர் சொட்டியது. அந்த இரண்டு சொட்டுக்கும் மேலே, முகம் எங்கே இருக்கும் என்று கணித்து, அந்த இடத்தை அவள் நேராகப் பார்த்தாள்.

"போதும்டா ரிகு," என்றாள். கையை அகல விரித்துக் கம்பிகள்மேல் வைத்தாள்.

நின்றது. தண்ணீர் சொட்டுவதும் நின்றது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, சிம்பல் தட்டின் ஓரத்தில், ஒரே ஒரு தடவை, 'டிங்' என்று கேட்டது. அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மெல்ல உப்பி மேலே வந்தது.

யாரும் கைதட்டவில்லை. எப்போதும் பின்னணியில் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனதால் கடலின் இரைச்சல் கூடத்துக்குள் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கொன்னுட்டியேடி."

பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியே போய், நனைந்த காலுறைமேலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். மறுநாள் காலையில் தெரு நெடுகக் கொடியில் காலுறைகள் தொங்கின. அவற்றுக்குப் பக்கத்தில், வருஷக்கணக்காகப் பெட்டியில் மடித்துக் கிடந்த கறுப்புத் துணிகளும் காற்றாட விரித்துக் கிடந்தன. கணவாய் அறுக்கும் பெண்களின் கத்தி ஆளுக்கொரு வேகத்தில் இறங்கியது.

மிச்சிரு ஊரை விட்டுப் போகத்தான் பையைக் கட்டினாள். கட்டிய பையோடு அத்தையின் வாசலில் போய் நின்றாள், திட்டினால் திட்டட்டும், அறைந்தால் அறையட்டும் என்று. கதவு திறந்தே இருந்தது. அத்தை கறுப்பு உடையில் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாமாவின் கிண்ணத்தில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது, சோற்றின் நடுவில் குச்சிகள் இரண்டும் செங்குத்தாக நின்றன.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணம் இருந்தது. விளிம்பு உடைந்த கிண்ணம். அதிலும் சோறு இருந்தது, குச்சிகள் பக்கத்தில் படுத்திருந்தன.

"உன்ன மன்னிக்கல," என்றார் அத்தை. "ஆனா இந்தக் குச்சிய நான் வைக்கக்கூடாது. அவனுக்கு நீதான் வைக்கணும். வை."

மிச்சிரு மண்டியிட்டுக் குச்சிகளை எடுத்தாள். எடுத்த வேகத்தில் ஒரு குச்சி கிண்ணத்தின் விளிம்பில் பட்டு 'டிங்' என்றது. அவள் பதறி அத்தையைப் பார்த்தாள், பசித்த பேய்கள் வந்துவிடும் என்ற அந்தப் பழைய திட்டுக்காகக் காத்திருந்தாள்.

அத்தை திட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு, அடித்தொண்டையில், "இன்னொரு தடவை தட்டு," என்றார்.

மிச்சிரு தட்டினாள். பலமாகவே தட்டினாள். இரண்டு பேரும் திறந்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டு, சோற்றின் ஆவி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை. மிச்சிரு குச்சிகளைச் சோற்றில் நட்டாள்.